அகல டயரும் ஐந்து பவுண்டு காற்றும் – வாசகர் கேள்வி பதில்

பனிக்காலம் வந்துவிட்டது என்பதற்காகச் சைக்கிளை மூலையில் சாத்திவைக்க வேண்டியதில்லை என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஃபேட் பைக் எனப்படும் அகல டயர் சைக்கிளைப் பற்றியவை. அவற்றிலும் டயர் பற்றிய கேள்விகளே அதிகம். ஏழு கடிதங்களை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றின் விடை அடுத்ததற்கும் துணையாக இருக்கும் என்பதால் வரிசையாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஒட்டாவா வாசகர்: பழைய ஃபேட் பைக் ஒன்றை வாங்கியிருக்கிறேன். 26 அங்குலச் சக்கரம், 4 அங்குல டயர். கட்டினோ பூங்காவின் பனிக்காலப் பாதைகளில் ஓட்ட ஆசை. கடைக்காரர் உலோக ஆணிகள் பதித்த 4.8 அங்குல டயர் இரண்டு போடச் சொல்கிறார். நண்பரோ இருப்பதே போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இருவரிடமும் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, எந்தப் பனியில் ஓட்டுவதற்கு என்பதுதான். நம் மொழியில் புல்நுனியில் நிற்பதும் பனி, மார்கழி விடியலில் முகத்தில் படிவதும் பனி, வானத்திலிருந்து பஞ்சாக விழுவதும் பனி, ஏரியின் மேல் கண்ணாடியாக இறுகிக் கிடப்பதும் பனி. பேச்சுக்கு அந்த ஒரு சொல் போதும். டயர் வாங்கப் போதாது. விழுந்து குவிந்த வெண்பனியில் சைக்கிள் புதைகிறது. உறைந்த பனிக்கட்டியில் சைக்கிள் வழுக்குகிறது. புதைவதற்கு மருந்து அகலம், வழுக்குவதற்கு மருந்து ஆணி. ஒன்றின் மருந்து மற்றதற்குச் சிறிதும் உதவாது. உங்கள் கடைக்காரர் இரண்டையும் சேர்த்தே விற்கப் பார்க்கிறார்; நண்பர் இரண்டையுமே வேண்டாம் என்கிறார்.

அகலம் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு சிறு கணக்கில் பார்த்துவிடலாம். (பவுண்டு என்று நான் எழுதுவதெல்லாம் காற்றடிக்கும் கடையில் சொல்லும் பவுண்டு, அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்.) டயருக்குள் இருக்கும் காற்றழுத்தமும், டயர் தரையை அழுத்தும் அழுத்தமும் ஏறத்தாழ ஒன்றே. உங்கள் எடையும் சைக்கிளின் எடையும் சேர்ந்து பின்சக்கரத்தின் மேல் 50 கிலோ விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மலைச் சைக்கிளில் 30 பவுண்டு காற்று இருந்தால், அந்த 50 கிலோவையும் தாங்குவது சுமார் 24 சதுர சென்டிமீட்டர். ஒரு நெருப்புப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய இடம். அதுவே 5 பவுண்டு என்றால் தரையில் படும் இடம் 140 சதுர சென்டிமீட்டரைத் தொடுகிறது. விரல்களோடு சேர்த்துப் பதித்த ஒரு முழுக் கையின் அளவு. வெண்பனி அந்தக் கையைத் தாங்கும், நெருப்புப்பெட்டியைத் தாங்காது. ஆனால் 2 அங்குல டயரில் 5 பவுண்டு காற்றை மட்டும் வைத்தால் ரிம் தரையில் இடித்துவிடும். அவ்வளவு குறைந்த காற்றிலும் ரிம்மைத் தூக்கிப் பிடிக்கும் உயரமும் கொள்ளளவும் வேண்டும் என்பதற்காகவே ஃபேட் பைக் டயரை இவ்வளவு பெரிதாகச் செய்கிறார்கள்.

கட்டினோ பூங்காவில் ஃபேட் பைக்குக்கென ஒதுக்கிய பாதைகளை இயந்திரம் கொண்டு இறுக்கிச் சமன்செய்து வைக்கிறார்கள். அப்படி இறுகிய பாதைக்கு, நல்ல நிலையில் உள்ள 4 அங்குல டயர் போதுமானது; ஆணியும் வேண்டாம். 4.8 அங்குலம் பயன்படுவது, யாரும் மிதிக்காத புதுப் பனியிலும், ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் மோட்டார் வண்டி) ஓடி இளகிய தடத்திலும், நாள் கணக்கில் சுமையேற்றிக்கொண்டு போகும் பயணங்களிலும்தான். அதையே வாங்குவதாக இருந்தாலும் உங்கள் சைக்கிளின் சட்டத்துக்குள் (ஃபிரேமுக்குள்) அது சுழலுமா என்று அளந்து பார்க்காமல் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பின்சக்கரம் இருக்கும் இடத்தில் சட்டத்தின் இரு கால்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியை டயர் மிக அகலமாக இருக்கும் இடத்தில் அளந்து, பக்கத்துக்கு 6 மில்லிமீட்டராவது மிஞ்ச வேண்டும் என்று கணக்கிடுங்கள். ஓடும்போது அந்த இடுக்கில்தான் பனி அப்பிக்கொள்கிறது. சங்கிலியைப் பின்பக்கம் உள்ள மிகப் பெரிய பல்சக்கரத்தில் போட்டு, அது டயரின் பக்கத்தில் உரசாதா என்றும் பாருங்கள். ஒரே டயர் 65 மில்லிமீட்டர் ரிம்மில் ஓர் அகலமும் 100 மில்லிமீட்டர் ரிம்மில் அதைவிடக் கூடுதல் அகலமும் காட்டும் என்பதால், டயரின் பக்கத்தில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பக் கூடாது. ஆனால் அங்கேயே இருக்கும் இன்னோர் எண்ணை அவசியம் படியுங்கள். உங்கள் 26 அங்குலச் சக்கரத்துக்கு 559 என்று முடியும் டயர்தான் பொருந்தும். இப்போது கடைகளில் நிறையக் கிடைக்கும் 27.5 அங்குல ஃபேட் டயர்களில் 584 என்று இருக்கும். அவற்றை உங்கள் ரிம்மில் மாட்டவே முடியாது.

பழைய சைக்கிள் என்பதால் ஒன்று சொல்கிறேன். டயரை ஓர் இரவு வெளியே வைத்துவிட்டு, காலையில் அதன் மேல் துருத்தி நிற்கும் ரப்பர்ப் பட்டன்களை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பனிக்காலத்துக்கென்று செய்த ரப்பர் குளிரிலும் இசைந்து கொடுக்கும். கோடைக்கால ரப்பரும் வயதான ரப்பரும் மரக்கட்டை போல நிற்கும். உங்களுடையது கட்டையாக இருந்தால், அதே 4 அங்குலத்தில் நல்ல பனிக்கால டயர் ஒரு ஜோடி வாங்குங்கள்.

சட்பரி வாசகர்: வீட்டுக்குள் 8 பவுண்டு அளந்து அடித்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். பாதைக்குப் போய்ச் சேர்வதற்குள் டயர் தொளதொளவென்று ஆகிவிடுகிறது. வீட்டுக்குத் திரும்பினால் மீண்டும் சரியாக இருக்கிறது. பஞ்சர் எங்கும் இல்லை. என்ன கோளாறு?

கோளாறு எதுவும் இல்லை. குளிர்ந்த காற்று சுருங்குகிறது. ஆனால் ஃபேட் பைக்கில் அதன் விளைவு மற்றச் சைக்கிள்களைவிடப் பெரிதாகத் தெரியும். அளவி காட்டும் 8 பவுண்டு என்பது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்துக்கு மேல் உள்ள அளவு. வெளிக்காற்றின் 14.7 பவுண்டையும் சேர்த்தால் டயருக்குள் உண்மையில் இருப்பது 22.7 பவுண்டு. 20 பாகை வெப்பமுள்ள வீட்டிலிருந்து மைனஸ் 20 பாகைக்கு வெளியே வந்தால், அந்த முழு 22.7 பவுண்டும் ஏழில் ஒரு பங்கு குறைந்து 19.6 ஆகிறது. அதிலிருந்து 14.7-ஐக் கழித்தால் அளவியில் மிஞ்சுவது 5 பவுண்டுக்கும் சற்றுக் குறைவு. எட்டில் மூன்று போய்விட்டது. கார் டயரில் நான்கைந்து பவுண்டு குறைந்தால் ஓட்டுபவருக்குத் தெரிவதுகூட இல்லை. எட்டு பவுண்டில் மூன்று குறைந்தால் சைக்கிளின் குணமே மாறிவிடுகிறது.

ஆகவே காற்றை வெளியில் வைத்துப் பாருங்கள். சைக்கிளை அரை மணி நேரம் குளிரில் நிறுத்திவிட்டு அளப்பது நல்லது. நின்றுகொண்டு அடிக்கும் பெரிய பம்பின் அளவி 10 பவுண்டுக்குக் கீழே நம்பத் தகுந்ததாக இருக்காது. 0 முதல் 15 பவுண்டு வரை மட்டுமே காட்டும் சிறிய அளவி தனியாகக் கிடைக்கிறது. புது டயர் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பவர்கள் அனைவருக்கும் நான் முதலில் சொல்வது, இந்த அளவியை வாங்குங்கள் என்பதே. விலை உயர்ந்த டயரில் 12 பவுண்டு காற்றோடு பாதையில் திணறுபவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஐந்து பவுண்டை வெளியேற்றிவிட்டால் அவர்கள் அதே டயரில் அழகாக ஓட்டுவார்கள்.

எத்தனை பவுண்டு வைப்பது என்பதற்கு ஒரே விடை கிடையாது. 80 கிலோ எடையுள்ளவர் 4.8 அங்குல டயரில், இறுகிய பாதையில் 5 முதல் 7 வரையிலும், புதுப் பனியில் 3 அல்லது 4-லும், தார்ச்சாலையில் 10-க்கு மேலும் தொடங்கலாம். 4 அங்குல டயருக்கு ஒரு பவுண்டு கூட்டிக்கொள்ளுங்கள். அதன்பிறகு டயரின் தடமே சொல்லிக்கொடுக்கும். நூறு மீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி, பின்னால் திரும்பிப் பாருங்கள். பட்டன்களின் அச்சு விளிம்பு உடையாமல், இட்டிலியில் துணியின் இழை பதிவதுபோலத் தெளிவாகப் பதிந்திருந்தால் காற்று சரி. நடுவில் மட்டும் பள்ளம் விழுந்து இரு ஓரங்களிலும் பனி பிதுங்கி நின்றால் காற்று அதிகம். இருக்கையில் அமர்ந்த நிலையில் டயரின் பக்கத்தில் ஒரு சிறு மடிப்பு தென்பட வேண்டும். அந்த மடிப்பு பெரிதாகி, திருப்பத்தில் ஹேண்டில் தானாக இழுக்கத் தொடங்கினால் காற்று போதவில்லை என்று பொருள்.

டொராண்டோ மாணவி: இந்தச் சைக்கிளை முதலில் யார் கண்டுபிடித்தார்கள்?

ஒருவர் பெயரைச் சொல்வது நியாயமாகாது. 1987-இல் அலாஸ்காவில் ‘இடிடாபைக்’ என்ற பனிப் பந்தயம் தொடங்கியது. சாதாரண மலைச் சைக்கிள்களோடு போனவர்கள் பாதி வழியைத் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். அதன்பிறகு அங்கிருந்தவர்கள் இரண்டு ரிம்களைப் பக்கத்தில் பக்கமாக வைத்து ஒட்டவைத்துப் பார்த்தார்கள். ஃபேர்பேங்க்ஸ் நகரத்துச் சைமன் ராக்கோவர் 44 மில்லிமீட்டர் அகல ‘ஸ்னோகேட்’ ரிம்மைச் செய்தார். அதே காலத்தில் தெற்கே நியூ மெக்சிகோவில் ரே மொலினா, பாலை மணலில் ஓட்டுவதற்காக அகல ரிம்மும் டயரும் செய்துகொண்டிருந்தார். அவற்றை அலாஸ்காவின் மார்க் க்ரோனெவால்ட் பனிக்குக் கொண்டுவந்தார். மணலுக்கும் பனிக்கும் ஒரே டயர் பொருந்தியதில் வியப்பில்லை. இரண்டிலும் சிக்கல் புதைவதுதான். 2005-இல் மினசோட்டாவைச் சேர்ந்த சர்லி நிறுவனம் 65 மில்லிமீட்டர் ரிம்மும் 3.7 அங்குல ‘எண்டோமார்ஃப்’ டயரும் பொருத்திய ‘பக்ஸ்லி’யை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகே, பட்டறை வைத்திராத சாதாரண மக்களின் கைக்கு ஃபேட் பைக் எட்டியது.

மினியாபொலிஸ் வாசகர்: அன்றாடம் வேலைக்குச் சைக்கிளில்தான் போகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரியின் மேலும் ஓட்டுவேன். ஆணி டயர் ஒன்றே இருநூறு டாலருக்கு மேல் சொல்கிறார்கள். அவ்வளவு பணம் கொடுக்கத்தான் வேண்டுமா?

உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். ஒட்டாவா வாசகருக்கு வேண்டாம் என்று சொன்ன அதே காரணத்தால்தான் உங்களுக்கு வேண்டும் என்கிறேன். பகலில் உருகி இரவில் உறையும் நகரச் சாலையிலும், காற்று பனியைத் துடைத்தெடுத்த ஏரிப்பரப்பிலும் டயரின் அகலத்தால் ஒரு பயனும் இல்லை. எவ்வளவு அகலமான ரப்பரும் ஈரப் பனிக்கட்டியில் வழுக்கவே செய்யும். டங்ஸ்டன் கார்பைடு முனையுள்ள ஆணிகள் இருநூறுக்கு மேல் பதித்த டயர், அந்தக் கட்டியைக் கொத்திப் பிடித்துக்கொள்ளும். இரும்பு முனை தார்ச்சாலையில் விரைவில் மழுங்கிவிடும் என்பதால் கார்பைடு முனைதானா என்று கேட்டு வாங்குங்கள்.

இப்போது ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் முன்சக்கரத்துக்குப் போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் காலை ஊன்றிச் சமாளிக்கலாம். முன்சக்கரம் வழுக்கினால் என்ன நடந்தது என்று தெரிவதற்குள் தோள்பட்டை தரையில் இருக்கும். ஆணிக் குழிகளோடு வரும் டயரை வாங்கி, ஆணிகளைப் பிறகு நீங்களே பதித்துக்கொள்ளும் வழியும் உண்டு. புது ஆணி டயரைப் போட்டதும் முதல் 50 கிலோமீட்டர் தார்ச்சாலையில், வேகமாகப் பிரேக் பிடிக்காமலும் எழுந்து நின்று மிதிக்காமலும் ஓட்டுங்கள். ஆணிகள் ரப்பருக்குள் இறுகி உட்கார அந்த ஓட்டம் தேவை. அதைச் செய்யாதவர்களின் டயரில்தான் ஜனவரிக்குள் வெறும் குழிகள் தெரியத் தொடங்குகின்றன.

ஏரியைப் பற்றி ஒரு சொல். ஆணி வழுக்காமல் காக்கும், உடைந்து விழாமல் காக்காது. புதிதாக உறைந்த தெளிவான பனிக்கட்டியில் நடப்பதற்கே குறைந்தது 4 அங்குலத் தடிமன் வேண்டும் என்பது உங்கள் மினசோட்டா இயற்கைவளத் துறையின் அறிவுரை. வெள்ளையாகத் தெரியும் கட்டியானால் அதைப் போல் இருமடங்கு வேண்டும். துளைபோட்டு அளந்து பார்க்காமல், துணையில்லாமல், தயவுசெய்து இறங்காதீர்கள்.

எட்மண்டன் வாசகர்: முன்னும் பின்னும் ஒரே வகை டயர்தான் போட வேண்டுமா?

வேண்டியதில்லை. முன்டயரின் வேலை திசையைப் பிடிப்பது, பின்டயரின் வேலை உந்தித் தள்ளுவது. முன்னால் ஓரப் பட்டன்கள் உயர்ந்து நிற்கும் அகலமான டயரும், பின்னால் குறுக்குவாட்டில் பட்டை பட்டையாகப் பட்டன்கள் உள்ள டயரும் போடுவது பலரின் வழக்கம். பல சைக்கிள்களில் பின்சட்டம் 4 அங்குலத்துக்கு மேல் இடம் தராது, முன்ஃபோர்க் 4.8 வரை ஏற்கும். அப்படிப்பட்ட சைக்கிளில் முன்டயரை மட்டும் பெரிதாக்குவது குறைந்த செலவில் நிறைந்த பலன் தரும். பட்டன்கள் உயரமாகவும் தள்ளித் தள்ளியும் இருந்தால் புதுப் பனிக்கு நல்லது. இறுகிய பாதையில் அவை வேகத்தைக் குறைக்கும். டயரின் நெசவில், ஓர் அங்குலத்துக்கு 120 இழை, 60 இழை என இரு வகை உண்டு. குறைந்த காற்றில் 120 இழை டயர் எளிதாக மடிந்து பனியோடு ஒட்டி உருளும் என்பதால், விலை கூடினாலும் பனிக்கு நான் அதையே சொல்வேன்.

மொன்ட்ரியல் வாசகர்: டியூப் இல்லாமல், உள்ளே பால் (பஞ்சர் ஓட்டையை அடைக்கும் திரவம்) ஊற்றி ஓட்டுவது பனிக்கு ஏற்றதா?

ஏற்றதுதான், அனுபவம் உள்ளவர்களுக்கு. ஃபேட் பைக் டியூப் ஒன்று 400 கிராமுக்கு மேல் எடை இருக்கும். இரண்டையும் எடுத்துவிட்டால் சுழலும் எடை குறைவது ஒவ்வொரு மேட்டிலும் தெரியும். இன்னொரு காரணம் அதைவிட முக்கியம். 4 பவுண்டில் ஓட்டும்போது டயர் ரிம்மின் மேல் சிறிது சிறிதாக நகரும். உள்ளே இருக்கும் டியூபையும் இழுத்துக்கொண்டு போய் வால்வின் அடியைக் கிழித்துவிடும்.

எனக்கு அப்படி ஒருமுறை நேர்ந்தது. ஒரு ஜனவரி மாலை, காட்டுப் பாதையில், வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தொலைவில் வால்வு சாய்ந்து நிற்பதைப் பார்த்தும், அதை நேராக்காமல் ஓட்டினேன். சிறிது நேரத்தில் பின்சக்கரம் அமுங்கியது. கையுறையைக் கழற்றாமல் வால்வின் சிறிய மூடியைப் பிடிக்க முடியவில்லை. கழற்றிய இரண்டு நிமிடத்தில் விரல்கள் சொன்னதைக் கேட்கவில்லை. குளிரில் விறைத்த டயரை நெம்பியபோது பிளாஸ்டிக் நெம்புகோல் கண்ணாடிபோல ஒடிந்தது. இரண்டாவது நெம்புகோலைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்ட பிறகே வேலை முடிந்தது. அன்றிலிருந்து கிளம்புமுன் வால்வு நேராக நிற்கிறதா என்று பார்க்காமல் நான் ஏறுவதில்லை.

டியூப் இல்லாமல் ஓட்ட முடிவு செய்தால், பால் எந்தக் குளிர் வரை தாங்கும் என்று புட்டியில் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குங்கள். சில வகைகள் கடுங்குளிரில் கெட்டித்து, ஓட்டையை அடைக்காமல் கிடக்கும். டயரை ரிம்மில் உட்காரவைப்பதை வீட்டுக்குள் வெதுவெதுப்பான இடத்தில் செய்து, இரண்டு நாள் காற்று நிற்கிறதா என்று கவனித்த பிறகு வெளியே எடுங்கள். பையில் ஒரு டியூப் எப்போதும் இருக்கட்டும். இதுதான் உங்கள் முதல் பனிக்காலம் என்றால் டியூபோடு ஓட்டுவதே நல்லது.

பாரி நகர வாசகர்: நான்கு அங்குல டயர்தான் போட்டிருந்தேன். ஆனாலும் சென்ற மார்ச்சில் ஒரு பாதையில், தடம் ஆழமாக விழுகிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வருத்தமாக இருந்தது. அவர்கள் செய்தது சரியா?

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆயினும் பாதையைப் பராமரிப்பவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. அகல டயர் மட்டும் அனுமதிச் சீட்டு ஆகிவிடாது. 3.8 அங்குலத்துக்குக் குறையாத டயர், 10 பவுண்டுக்கு மிகாத காற்று, தடம் ஓர் அங்குலத்துக்கு மேல் ஆழமாக விழுந்தால் திரும்பிவிடுவது என்பவை பல பாதைகளில் வழக்கத்தில் உள்ள விதிகள். மார்ச் நண்பகலில் வெயில் பட்டு இளகிய பனியில் எந்த டயரும் பள்ளம் போடும். அந்தப் பள்ளம் இரவில் அப்படியே இறுகி, அடுத்த நாள் வருபவரின் முன்சக்கரத்தைத் தண்டவாளம்போலப் பிடித்துக்கொள்ளும். அதைச் சரிசெய்ய மீண்டும் ஒருமுறை இயந்திரம் ஓட்ட வேண்டும். பல ஊர்களில் அந்த வேலையைச் சம்பளமில்லாமல் இரவில் செய்பவர்கள் தன்னார்வலர்கள்.

நேராக ஓட்ட முடியாமல் சைக்கிள் அலைந்தாலோ, இறங்கித் தள்ள வேண்டி வந்தாலோ, காற்றை ஒரு பவுண்டு குறைத்துப் பாருங்கள். அப்போதும் தடம் ஆழமாக விழுந்தால் வீட்டுக்குத் திரும்பிவிட்டு, மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன் வாருங்கள். முந்தைய நாள் உங்களைத் திருப்பி அனுப்பிய அதே பாதை காலை ஏழு மணிக்குச் சிமெண்டுத் தளம்போல இறுகியிருக்கும். உங்கள் நான்கு அங்குல டயர் அதில் பட்டன் அச்சை மட்டும் விட்டுச் செல்லும்.